பதிலக்கா சொன்ன உண்மை

எங்கள் கம்பெனியில் பொய் சொல்வதற்கென்றே ஓர் ஆள் இருந்தாள். சம்பளம் என்னவோ செக்கிங் மேசையில் சட்டைகளின் பிசிறு வெட்டுவதற்குத்தான். ஆனால் சட்டைகளை மொத்தமாக வாங்கும் பையர் அனுப்பும் ஆடிட்டர்கள் வந்து, தொழிலாளிகளோடு தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டால், அவளைத்தான் முதலில் உள்ளே அனுப்புவார்கள். எத்தனை மணி நேரம் வேலை, வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்களா, அடிபட்டால் மருந்து உண்டா என்று அவர்கள் கேட்பதற்கெல்லாம் தட்டாமல் பதில் சொல்வாள். அதனால் பதிலக்கா என்று பெயர் விழுந்தது. கூப்பிட்டுக் கூப்பிட்டு அவளுடைய சொந்தப் பெயர் எனக்கே மறந்துபோயிற்று.

நான் அதே கூடத்தில் அயர்ன் மேசையில் நின்றவள். வீட்டிலும் பக்கத்து அறைக்காரி. வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட அறைகள் அவை. இரண்டு அறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் நான் மூக்கைத் துடைத்துக்கொள்வேன். ஆகவே அவளைப் பற்றி நான் சொல்வதில் கேள்விப்பட்டது குறைவு, காதால் கேட்டதே அதிகம்.

அவளைக் கட்டியவன் ஒரு வருஷம் ஒழுங்காக இருந்துவிட்டு, வேலை தேடிப் போகிறேன் என்று போனான். வேலை கிடைத்ததோ இல்லையோ, வேறு ஒருத்தி கிடைத்துவிட்டாள். இவள் ஒப்பாரி வைக்கவில்லை. அம்மா செத்த பிறகு கையில் கிடந்த தங்கையைத் தூக்கிக்கொண்டு இந்த ஊருக்கு வந்து, கம்பெனி வாசலில் நின்று வேலை கேட்டு வாங்கினாள். தங்கைக்கும் அவளுக்கும் வயது வித்தியாசம் அதிகம். அக்கா என்று கூப்பிடுகிற மகள் என்றுதான் நாங்கள் சொல்வோம். அந்தத் தங்கையை எல்லாரும் சின்னவள் என்போம்.

பதிலக்கா பதில் சொல்ல ஆரம்பித்த கதை வேடிக்கையானது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஆடிட் வந்தது. பக்கத்து மேசைப் பெண்ணிடம் ஆடிட்டர் எவ்வளவு நேரம் வேலை என்று கேட்டார். சொல்லிக்கொடுத்தபடி எட்டு மணி நேரம் என்றாள் அவள். சரி, வீட்டுக்கு எப்போது போவாய் என்று கேட்டார். அந்த அப்பாவி, வேலை முடிஞ்சாத்தான் சார், முந்தாநாள் விடிஞ்சுதான் போனேன் என்று சொல்லிவிட்டாள். உடனே பதிலக்கா கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே, அவ தம்பிக்கு உடம்பு சரியில்ல சார், ஆஸ்பத்திரியில உக்காந்துட்டு விடிஞ்சுதான் வீட்டுக்குப் போனா, அதைச் சொல்றா என்றாள். அந்தப் பெண்ணுக்குத் தம்பியே கிடையாது. ஆடிட்டர் தம்பி எப்படி இருக்கிறான் என்று விசாரித்துவிட்டு நகர்ந்தார்.

அன்றைக்கே அவளைக் கண்டுபிடித்துவிட்டார் எங்கள் செண்டு சார். ஆட்களை எடுப்பது, நிறுத்துவது, ஆடிட்டுக்குத் தயார் செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. அவர் வருவதற்கு முன்பே அவருடைய செண்டு வாசனை வந்துவிடும் என்பதால் அந்தப் பெயர். அதற்குப் பிறகு ஆடிட் என்றால் பதிலக்காதான்.

அவளிடம் ஒரு சூத்திரம் இருந்தது. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லவே கூடாது என்பாள். மாமியார் வீட்டைப் பற்றிக்கூட யாரும் அப்படிச் சொல்வதில்லை, கம்பெனியைப் பற்றிச் சொன்னால் எவன் நம்புவான் என்று கேட்பாள். பெரிய குறையை மறைக்க வேண்டுமென்றால் சின்னக் குறை ஒன்றைக் கொடுக்க வேண்டும். கக்கூஸில் சோப்பு சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது, குடிக்கிற தண்ணீர் மதியத்தில் சுடுகிறது என்று சொல்வாள். ஆடிட்டர் அதை அக்கறையாக எழுதிக்கொள்வார். அடுத்த வாரம் சோப்பு வரும், தண்ணீர்த் தொட்டிக்கு நிழல் வரும். எங்களுக்குச் சோப்பு கிடைத்ததே அவள் பொய்யால்தான். அதில் அவளுக்கு ஒரு பெருமையும் உண்டு. உண்மையைச் சொல்லி நீங்க எதை வாங்கினீங்க, பொய் சொல்லி நான் சோப்பாச்சும் வாங்கினேன் என்பாள். அதற்கு நாங்கள் என்ன சொல்ல முடியும்?

கூடத்துச் சுவரில் நடத்தை விதிகள் என்று ஒரு பலகை கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. எங்கள் மொழியில்தான் இருந்தது. ஆனால் படிக்க ஏணி வேண்டும், அவ்வளவு உயரம். தொழிலாளியைக் கட்டாயப்படுத்தி வேலை வாங்கக் கூடாது, வெளியே போகும் கதவைப் பூட்டக் கூடாது, கர்ப்பிணிக்குக் கெடுதலான வேலை தரக் கூடாது, கர்ப்பிணி என்பதற்காக வேலையை விட்டு நிறுத்தவும் கூடாது, பையரின் ஆட்கள் முன்னறிவிப்பு இல்லாமலும் வந்து பார்ப்பார்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? ஆடிட் வருகிறது என்று தெரிந்ததும் முதலில் அந்தக் கண்ணாடியைத் துடைப்பார்கள். பிறகு அவசரக் கதவை அடைத்து நிற்கும் அட்டைப்பெட்டிகள் இடம் மாறும். எல்லார் மூக்குக்கும் முகமூடி வரும். கறை எடுக்கும் அறையில் ஃபேன் ஓடும். ஆடிட்டரின் கார் வாசலைத் தாண்டிப் போனதும் முகமூடிகளை எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வார்கள்.

கறை எடுக்கும் அறையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தைக்கும்போது மெஷின் எண்ணெய் துணியில் சொட்டும், பேனா மை படும். அந்தக் கறைமேல் ஒரு மருந்தைத் துப்பாக்கி போன்ற ஒன்றால் பீய்ச்சி அடித்தால் கறை கரைந்து ஓடிவிடும். மருந்து நீல டிரம்மில் வரும். வாடை மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும். ஜன்னல் இல்லாத சின்ன அறை அது. வாடையை வெளியே இழுக்கச் சுவரில் ஒரு பெரிய ஃபேன் உண்டு. ஆனால் அது ஓடினால் தையல் கூடத்துப் பஞ்சுத் தூசியையும் சேர்த்து உள்ளே இழுத்து ஈரத் துணிமேல் ஒட்டவைக்கும். பீஸ் கெட்டுப்போகும். பீஸ் கெடக் கூடாது, மனுஷி கெட்டால் பரவாயில்லை என்பது கம்பெனிக் கணக்கு. அதனால் ஃபேன் ஆடிட்டுக்கு மட்டும் ஓடும்.

வளர்ந்த பிறகு சின்னவளும் எங்கள் கம்பெனிக்கே வேலைக்கு வந்தாள், நல்ல கை நேர்த்தி. எந்தக் கறைக்கு எவ்வளவு அடிக்க வேண்டும் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். அதனால் கல்யாணம் ஆன கையோடு அவளை அந்த அறையில் போட்டார்கள். முதல் பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ், என்ன வேலை பார்க்கிறாய் என்று கேட்டிருக்கிறாள். சொன்னதும், அடுத்த தடவை அந்த அறைப் பக்கமே போகாதே என்றிருக்கிறாள். சொல்வது சுலபம். சின்னவளின் புருஷன் லாரியில் சரக்கு ஏற்றுகிறவன். முதுகு பிடித்துக்கொண்டு பாதி நாள் படுக்கையில்தான். அக்கா தங்கை இருவர் சம்பளத்தில்தான் மூவரும் இருந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

மறுபடி சின்னவள் முழுகாமல் இருந்தாள். வெளியே சொல்லவில்லை. சொன்னால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்குப் போய் ஓய்வெடும்மா, குழந்தை பிறந்ததும் வா என்று செண்டு சார் இனிக்க இனிக்கச் சொல்லுவார். குழந்தையைப் பெற்றுக்கொண்டு திரும்பி வந்தவளை வாட்ச்மேன் உள்ளே விடமாட்டான். சொல்லாமல் இருந்தால் அந்த அறையில் உட்கார வேண்டும். சொன்னாலும் கஷ்டம், சொல்லாவிட்டாலும் கஷ்டம்.

பதிலக்கா செண்டு சாரிடம் போய், தங்கையைச் செக்கிங்குக்கு மாற்றித் தாருங்கள் என்று கேட்டாள். காரணம் கேட்டார். தலைவலி என்றாள். இத்தனை வருஷம் கம்பெனிக்காகச் சொன்ன பொய்யில் ஒன்றாவது தனக்கு உதவும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. கறை எடுக்க நல்ல கை கிடைப்பது கஷ்டம், அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் சின்னவள் வாந்தி எடுக்கும் சத்தமும், அவள் முதுகை இவள் தடவிக்கொடுக்கும் சத்தமும் கேட்டுக்கொண்டே இருந்தது.

அதற்குப் பிறகுதான் அந்த அம்மாள் வந்தாள்.

அன்றைக்கு ஷிப்மென்ட் நாள். கூடம் அலங்கோலமாகக் கிடந்தது. அவசரக் கதவு தெரியாத அளவுக்குப் பெட்டிகள். ஒருவர் மூக்கிலும் முகமூடி இல்லை. பலகைமேல் ஒட்டடை. செண்டு சார் லீவு. இந்த நேரம் பார்த்து, சாதாரணப் புடவையில், தோளில் ஒரு பையோடு அந்த அம்மாள் உள்ளே வந்து, பையரின் பெயரைச் சொல்லி, பார்க்க வந்திருக்கிறேன் என்றாள். சூப்பர்வைசருக்கு வியர்த்துக் கொட்டியது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள்தான் நாங்கள், ஆனால் சோறு வடிக்கவாவது நேரம் வேண்டுமே. அவள் யாரையும் கேட்கவில்லை. தானே கூடத்தைச் சுற்றி வந்தாள். கறை எடுக்கும் அறை வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். பிறகு தானே ஆட்களைப் பொறுக்கி, கேன்டீனுக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் ஒவ்வொருவராக உட்காரவைத்துப் பேசினாள். பதிலக்காவையும் கூப்பிட்டாள்.

பதிலக்கா பார்த்த ஆடிட் ஒவ்வொன்றும் நாடகம். நாடகம் என்றால் முன்கூட்டியே சேதி வரும், வேஷம் கட்டுவார்கள், அவளை முன்னால் நிறுத்துவார்கள். இதில் சேதியும் இல்லை, வேஷமும் இல்லை. அந்த அம்மாள் கதவைச் சாத்தினாள், போனை அணைத்துப் பைக்குள் வைத்தாள், நீங்க சொல்றது இந்த ரூமைத் தாண்டாது என்றாள். பலகையில் எழுதியிருந்த முன்னறிவிப்பில்லாத ஆடிட் இதுதான், இத்தனை வருஷத்துக்குப் பிறகு நிஜமாகவே ஒருத்தி வந்திருக்கிறாள் என்று இவள் நம்பிவிட்டாள். வேறு எவளும் இப்படி நம்பியிருக்க மாட்டாள். வாழ்நாள் முழுக்க வேஷம் கட்டியவளுக்குத்தான் வேஷம் இல்லாதது அத்தனையும் நிஜமாகத் தெரியும்.

அன்று மாலை என் அறை வாசலில் வந்து உட்கார்ந்தாள். முகம் கழுவி வைத்தது போல் தெளிவாக இருந்தது.

"இன்னிக்கு எல்லாத்தையும் சொல்லிட்டேன்டி. ஃபேனைப் பத்தி, கதவைப் பத்தி, சின்னவ முழுகாம இருக்கறத, எல்லாத்தையும்."

யாரைக் கேட்டு இதைச் செய்தீர்கள், நாக்கில் சனி உட்கார்ந்துவிட்டானா என்று சத்தம் போட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த அம்மாள் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கினாள் என்றாள். கூடப்பிறந்தவள் கையைப் பிடிப்பது போல் தன் கையைப் பிடித்துக்கொண்டாள் என்றும் சொன்னாள். அன்று அவள் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினாள். குறட்டை சுவரைத் தாண்டி வந்தது.

மறுநாள் செண்டு சார் கூப்பிட்டனுப்பினார். உள்ளே நடந்ததை அவளே பிறகு என்னிடம் சொன்னாள். அவர் திட்டவில்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார். அந்த அம்மாள் பையரின் ஆளே இல்லை. பெரிய ஆடிட் வருவதற்கு முன்னால் எங்கே ஓட்டை இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதற்காகக் கம்பெனியே கூலி கொடுத்து வரவழைத்த ஒத்திகை ஆடிட்டர். ஒத்திகை என்று தெரிந்தால் எல்லாரும் உஷாராகிவிடுவார்கள் என்று சூப்பர்வைசருக்குக்கூடச் சொல்லவில்லை. அதற்காகத்தான் செண்டு சாரும் லீவு போட்டிருந்தார். கண்ணும் கலங்கிக் காட்டினாளே பாவி, அதற்கும் கூலியில் சேர்த்தி போலிருக்கிறது.

"நல்லவேளைக்கா," என்று சொல்லிச் சிரித்திருக்கிறார் செண்டு சார். "நம்ம ஆள்கிட்டயே சொல்லிட்டீங்க."

பிறகு பேரம். அவள் உடம்பு சரியில்லை என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்துவிட்டு வேலையிலிருந்து நின்றுகொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் சின்னவளை அவளுடைய செக்கிங் மேசையிலேயே பிரசவம் வரைக்கும் உட்காரவைப்பார்கள். பெரிய ஆடிட்டில் ஒரு கர்ப்பிணி காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பதைக் காட்டினால் கம்பெனிக்கும் நல்ல பெயர். ஆனால் ஆடிட்டர் கேட்பதற்கு அக்கா இடத்தில் தங்கை பதில் சொல்ல வேண்டும். சம்மதமில்லை என்றால் இருவருமே நாளையிலிருந்து வர வேண்டாம். பிரசவத்துக்குப் பிறகு சின்னவளைத் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா என்று இவள் கேட்டிருக்கிறாள். எடுக்காமலா, பதில் எப்படிச் சொல்கிறாள் என்று பார்ப்போம் என்றாராம்.

எழுதிக் கொடுத்தாள். வேறு என்ன செய்வாள்? சின்னவள் அடுத்த நாளே மேசைக்கு மாறினாள். கறை எடுக்கும் அறை காலியாகக் கிடக்குமா? அயர்ன் மேசையிலிருந்து என்னைக் கூப்பிட்டு, துப்பாக்கியைக் கையில் கொடுத்தார்கள். பிள்ளை பெறும் வயதைத் தாண்டியவள், இவளால் வில்லங்கம் வராது என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

எனக்குக் கோபம் வந்ததா என்றால், வந்தது. அவளோடு பேசுவதை நிறுத்தினேன். சுவரில் அவள் தட்டிக் கூப்பிட்டால் வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டினேன். ஒருநாள் வாசலில் வந்து நின்று, உன்னைத்தான் போடுவார்கள் என்று சத்தியமாகத் தெரியாது என்றாள். தெரிந்திருந்தால் எழுதிக் கொடுத்திருக்க மாட்டீர்களா என்று கேட்டேன். எந்த ஆடிட்டருக்கும் வாய் மூடாதவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அப்போதே மனசு இளகிவிட்டது, ஆனாலும் உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. தலைவலி அப்படி. நாக்கில் எதை வைத்தாலும் மருந்து ருசி. சின்னவள் இதில் எத்தனை மாதம் உட்கார்ந்திருந்தாள் என்று நினைத்தால் அவள்மேலும் கோபப்பட முடியவில்லை.

பெரிய ஆடிட்டுக்குத் தேதி குறித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் தலையில் ஈரத்துணி போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பதிலக்காவின் குரல் கேட்டது. ஆடிட்டர் மாதிரி கனமாகப் பேசினாள். கறை எடுக்கும் அறையில் ஃபேன் ஓடுகிறதா என்று கேட்டாள்.

"ஓடுது சார். தினமும் ரொம்ப நல்லா ஓடுது."

"ரொம்ப நல்லா எதுக்கு? ஓடுதுன்னா போதும். நிஜமா ஓடுற ஃபேனைப் பத்தி எவளாச்சும் இவ்வளவு சந்தோஷமா சொல்லுவாளா?"

சின்னவள் மறுபடி சொன்னாள். மறுபடி தப்பு. சத்தம்தான் கொஞ்சம் அதிகம் என்று ஒரு குறையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னாள் அக்கா. பிறகு சின்னவள் அழுதாள்.

"என்னால முடியலக்கா. இப்ப அங்க அவங்கல்ல உக்காந்திருக்காங்க."

அவங்க என்றது என்னைத்தான். நான் படுத்த வாக்கில் அசையாமல் கிடந்தேன். பதிலக்காவின் குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது.

"வயித்துல இருக்கறத நெனச்சுக்கோ. திரும்பச் சொல்லு."

அந்த மதியம் முழுக்க அவள் திரும்பத் திரும்பச் சொன்னாள். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னவள், பெற்ற மகள் போல வளர்த்த தங்கைக்குப் பொய்யை ஊட்டிக்கொண்டிருந்தாள். கேட்கச் சகிக்காமல் நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஆடிட் நாளில் எல்லாம் முறைப்படி நடந்தது. பலகை துடைத்தார்கள். பெட்டிகள் மறைந்தன. எனக்குப் புது முகமூடி. தலைக்கு மேல் ஃபேன் தடதடவென்று ஓடியது. மருந்து வாடை இல்லாமல் அந்த அறையில் மூச்சு விட்டது அன்றுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. தினமும் இதை ஓட்டினால் இவர்கள் குடியா முழுகிவிடும்?

ஆடிட்டர் வயதானவர். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். தொழிலாளர் பிரதிநிதி என்று சின்னவளையும் கூட அழைத்துக்கொண்டு அறைக்குள் வந்தார். பின்னால் செண்டு சார். வாசனை முந்திக்கொண்டு வந்தது. ஃபேனைப் பார்த்துவிட்டு, இது தினமும் ஓடுகிறதா என்று ஆடிட்டர் கேட்டார். சின்னவள் என் பக்கம் திரும்பாமல், ஓடுது சார், சத்தம்தான் கொஞ்சம் அதிகம் என்றாள். பிசிறே இல்லாமல் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார். போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. என் பக்கம் திரும்பி, முகமூடியைக் கழற்றச் சொல்லி, நீங்கள் சொல்லுங்கள் அம்மா, தினமும் இங்கே உட்காருகிறவர் நீங்கள்தானே, இது ஓடுகிறதா என்று கேட்டார்.

செண்டு சார் என்னையே பார்த்தார். சின்னவள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கை வயிற்றின்மேல் இருந்தது. இவ்வளவு நாளும் எனக்குள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. இந்த மனிதர் நிஜமா, இவரும் கூலிக்கு வந்தவரா என்று எனக்கு எப்படித் தெரியும்? நிஜமானவர் என்றே வைத்துக்கொண்டாலும் அவர் சாயங்காலம் காரில் ஏறிப் போய்விடுவார். சின்னவள் எங்கே போவாள்?

"ஓடுது சார்," என்றேன்.

அவர் நன்றி சொன்னார். கார் வாசலைத் தாண்டியதும் சூப்பர்வைசர் வந்து ஃபேனை நிறுத்தினார். முகமூடியை வாங்கிக்கொண்டார். இன்னும் முடிக்காத பீஸ்கள் குவிந்து கிடந்தன. நான் துப்பாக்கியை எடுத்துக்கொண்டேன்.

வீடு திரும்பியபோது பதிலக்கா என் வாசலில் உட்கார்ந்திருந்தாள். எனக்கு முன்னால் சின்னவள் வந்து நடந்ததைச் சொல்லியிருக்க வேண்டும்.

"உன்கிட்டயும் கேட்டாராமே?"

"கேட்டாரு."

"நீ என்னடி சொன்ன? உன் வாயால சொல்லு."

"ஓடுதுன்னு சொன்னேன்க்கா."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். புருஷன் போனபோதும் அழாதவள், வேலை போனபோதும் அழாதவள், என் கையில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். கை முழுக்க மருந்து நாத்தம், விடுங்கக்கா என்றேன். அவள் விடவில்லை.